இருமுனைப் போர்த் திட்டமும் திருகோணமலையும்: ஒரு திறனாய்வு நோக்கு

படைத்துறைத் திட்டங்களையும் அவற்றைச் சார்ந்தெழுந்த போர் வரலாறுகளையும் இலக்கியத் திறனாய்வு ஏன் பொருட்படுத்தல் வேண்டும் என்னும் வினா இயல்பாகவே எழக்கூடும். எந்த எழுத்தும் தன்னைத் தோற்றுவித்த வர்க்கத்தின் உலகநோக்கைத் தனது சொற்றெரிவிலும் வாக்கிய அமைதியிலும் தாங்கி நிற்கின்றது என்பதை நாம் ஏற்போமாயின், கவிதைக்கும் நாவலுக்கும் கையாளும் அளவுகோலைக் கடற்படை அமைச்சின் அறிக்கைக்கும் தளபதிகளின் நினைவுக்குறிப்புக்கும் கையாளாதிருக்க நியாயமில்லை. போர்த்திட்டமும் ஒரு கதையே. அதற்குக் கதைமாந்தர் உளர்; காலமும் களமும் உள; நிகழவேண்டியவை நிகழ்ந்தே தீரும் என்னும் ஒரு நம்பிக்கையும் உண்டு. ஏனைய கதைகளோடு அது வேறுபடும் இடம் ஒன்றே: அதன் பிழையை வாசகன் உயிரால் ஈடுசெய்ய நேரும். இக்கட்டுரையில், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரித்தானிய ஏகாதிபத்தியம் வகுத்த இருமுனைப் போர்த் திட்டத்தையும், அதில் திருகோணமலை பெற்ற இடத்தையும், அதுபற்றி எழுந்த நூல்களையும் நோக்குகின்றோம். அந்நூல்களின் பார்வையை எமது தமிழ் எழுத்து எவ்வளவு தூரம் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது என்னும் சங்கடமான வினாவும் இதனுள் அடங்கும்.

திருகோணமலை நகரின் மேற்குப் புறத்தே உட்துறைமுகத்தைப் பார்த்தவாறு அமைந்த மேட்டுநிலம் ஓர்ஸ் ஹில் ஆகும். மொழிபெயர்க்கப்படாமலே இன்றும் வழங்கும் ஆங்கிலப் பெயர் அது. அம்மேட்டைச் சுற்றி அரசுகளின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. கிழக்கே, 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு எழுப்பிய கோட்டை. அதுவே ஒல்லாந்தர் கைப்பட்டு, பின்னர் பிரித்தானியரால் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. தெற்கே, ஊர்மக்கள் டொக்யார்ட் என்றே கூறும் கடற்படைத் தளமும் ஒஸ்டன்பேர்க் கோட்டையும். மேற்கே நீர்ப்பரப்பைக் கடந்தால் சீனன்குடா விமானத்தளமும் எண்ணெய்க் குதங்களும். இவற்றின் நடுவே, ஓர்ஸ் ஹில்லில் வீடுகளும் பள்ளிக்கூடமும் கோயில் மணியோசையுமாக ஒரு சாதாரண நகர வாழ்க்கை நடந்துவந்துள்ளது. குன்றில் நின்று நீரைப் பார்ப்பது ஒருவகை. நீரில் நின்று கரையைப் பார்ப்பது இன்னொருவகை. போர்த்திட்டங்கள் யாவும் முதல்வகைப் பார்வையில் பிறந்தவை. இவ்வேறுபாட்டை வாசகர் மனங்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

முதலாவது பார்வையின் வேர் கப்பலோட்டத்தின் பொருளியலில் உள்ளது. சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அக்கரையோரம் நிற்கும் பாய்க்கப்பற்படை பம்பாய்க்குப் பின்வாங்க வேண்டியிருந்தது. வங்காள விரிகுடாவின் வாயிலில் எக்காற்றுக்கும் அடைக்கலம் தரும் துறை திருகோணமலை ஒன்றே. 1782 ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானியர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் பிரித்தானியரிடமிருந்து பறித்தார். சமாதானத்தின் பின் அது மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. 1795 இல் பிரித்தானியர் வசம் நிலைத்தது. உலகின் மிகச் சிறந்த துறைமுகம் என்று நெல்சன் புகழ்ந்ததாகக் கூறப்படும் கூற்றை எமது பாடநூல்களும் பெருமிதத்தோடு திருப்பிச் சொல்லிவந்துள்ளன. யாருக்குச் சிறந்தது, எதற்குச் சிறந்தது என்னும் வினாக்களை அவை கேட்பதில்லை. பருவக்காற்றில் மறைந்து நிற்க இடம்தேடும் போர்க்கப்பலின் தலைவனுக்கு அது சிறந்தது. அவனுடைய புகழுரையை எமது தேசப்பெருமையாக ஏற்றுக்கொண்டபோதே அவனுடைய கண்ணையும் நாம் இரவல் வாங்கிவிட்டோம்.

இருமுனைப் பகை என்னும் கருத்து ஐரோப்பியரின் கண்டுபிடிப்பு என எண்ணுவோர், தமிழில் அதற்கு இருக்கும் நீண்ட சிந்தனை மரபினை மறந்துவிடுகின்றனர். தலையாலங்கானத்தில் சேரனும் சோழனும் வேளிர் ஐவருமாக எழுவரை எதிர்த்து வென்ற நெடுஞ்செழியனைச் சங்கச் சான்றோர் போற்றினர். பகைவரின் தொகை பெருகப் பெருக வீரனின் புகழும் பெருகுவது வீரயுகக் கவிதையின் இலக்கணம். இக்கவிதையின் சமுதாய அடிப்படையைக் கைலாசபதி தமது ஆங்கில ஆய்வுநூலில் (1968) விரிவாகக் காட்டியுள்ளார். திருக்குறளில் நிலைமை தலைகீழாகின்றது. பகைத்திறந்தெரிதல் என்னும் அதிகாரத்தின் 875 ஆம் குறள், துணையின்றித் தனித்து நிற்பவன் தனக்குப் பகை இரண்டாகுமிடத்து அவற்றுள் ஒன்றை இனிய துணையாக்கிக் கொள்ளவேண்டும் என்கின்றது. ஏழு பகைவரைக் கண்டு மார்தட்டிய குரல், இரண்டு பகைவரைக் கண்டதும் எண்ணிப்பார்க்கும் குரலாக மாறியமை வெறும் அறிவு வளர்ச்சியன்று. குலத்தலைவனின் கொடைப்பந்தலிலிருந்து, வரியும் அமைச்சும் ஒற்றும் கொண்ட அரசின் அவைக்கு எழுத்து இடம்பெயர்ந்ததன் அடையாளம் அது. படை என்பது இப்போது செலவுக்கணக்கில் எழுதப்படும் ஒன்றாயிற்று. வள்ளுவரின் நடையில் உணர்ச்சிக்கொந்தளிப்பு இல்லாமை குறித்து வியப்போர், அது கணக்காளனின் நடையும் ஆகும் என்பதைக் கவனித்தல் நன்று.

பிரித்தானியர் குறள் படித்தவர் அல்லர். எனினும் 1902 இல் யப்பானோடு உடன்படிக்கை செய்துகொண்டபோது அவர்கள் செய்தது இதுவே. கீழைக் கடல்களில் தோன்றிவந்த வல்லரசைத் துணையாக்கிக்கொண்டு, தமது பெருங்கப்பல்களை ஜேர்மனிக்கு எதிராக வடகடலில் குவிக்க அவர்களால் முடிந்தது. 1921-22 இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில், அமெரிக்காவின் விருப்புக்கு இணங்கி அவ்வுடன்படிக்கை கைவிடப்பட்டது. பெரும் போர்க்கப்பல்களின் விகிதம் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஐந்து ஐந்தும் யப்பானுக்கு மூன்றுமாக வரையறுக்கப்பட்டது. துணை பகையாகும் வாய்ப்பு இவ்வாறு திறந்துவிடப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்பவே சிங்கப்பூர்த் திட்டம் பிறந்தது. 1921 இல் அமைச்சரவை அங்கீகரித்த சிங்கப்பூர்த் தளம், முடிவும் தயக்கமும் நிறுத்தமும் தொடக்கமுமாக இழுபட்டு, 1938 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. திட்டத்தின் சாரம் எளிது: கப்பற்படை ஐரோப்பியக் கடல்களிலேயே நிற்கும், கிழக்கில் போர் மூளுமாயின் பெரும்படை சூயஸ் கால்வாய் வழியே சிங்கப்பூருக்குச் செல்லும், அதுவரை சிங்கப்பூர் தாக்குப்பிடிக்கும். இரண்டு பெருங்கடல்களுக்கு ஒரு கப்பற்படை என்பதே இதன் பொருள்.

"அதுவரை" என்னும் சொல்லிலேதான் திட்டத்தின் முழுப் புனைவும் அடங்கியிருந்தது. அக்காலம் முதலில் 42 நாள் எனப்பட்டது. பின்னர் 70 நாள் ஆயிற்று. 1939 இல் போர் தொடங்கியதும் 180 நாள் ஆயிற்று. இத்தகைய எண்களை ஆய்வாளர் படைத்துறைக் கணிப்புக்களாக வாசிப்பர். நாம் அவற்றைக் கதைசொல்லியின் உத்தியாக வாசிக்கின்றோம். இடத்தால் தீர்க்கமுடியாத முரண்பாட்டைக் காலத்தால் தீர்ப்பது அவ்வுத்தி. பிரான்சும் ரஷ்யாவும் இருபுறமும் நெருக்கிய ஜேர்மனிக்காக 1905 இல் ஷ்லீபன் வகுத்த திட்டமும் இவ்வாறே பேசிற்று: முதலில் மேற்கே பிரான்சை ஏறத்தாழ ஆறு வாரத்தில் முடித்துவிட்டுப் படைகள் கிழக்கே திரும்பும். அங்கும் ஆறு வாரம். இங்கும் முதற்கணக்கில் ஆறு வாரம். இவ்வொற்றுமைக்கு மாய அர்த்தம் கற்பிக்க நாம் முனையவில்லை. ஆனால் இரண்டு போர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டால் அவை இரண்டு போர்கள் அல்ல என்று எழுத்து தன்னைத்தானே நம்பவைத்துக்கொள்வதை இரண்டிடத்தும் காண்கின்றோம். மற்றப் பகைவன் தன் முறை வரும்வரை காத்திருப்பான் என்பது அதன் மறைமுக எடுகோள். 1914 இல் ரஷ்யர் காத்திருக்கவில்லை. 1941 இல் யப்பானியரும் காத்திருக்கவில்லை.

திட்டம் வகுத்தோர் மூடர் என்று கொள்வது எளிய வாசிப்பாகும். அவர்கள் மூடரல்லர். ஜேர்மனி, இத்தாலி, யப்பான் ஆகிய மூன்றையும் ஒரேவேளையில் எதிர்த்து நிற்கத்தக்க வலிமை எப்போது கைகூடும் என்பதை முன்னறிய இயலாது எனவும், பகைவரின் தொகையை அரசியல்வழியில் குறைத்தல் இன்றியமையாதது எனவும் 1937 இறுதியில் முப்படைத் தலைவர்கள் அமைச்சரவைக்குத் தெளிவாகவே அறிவித்திருந்தனர். குறளின் குரல் லண்டனில் கேட்டது எனலாம். 1938 இல் மியூனிக்கில் நடந்த விட்டுக்கொடுப்பின் பின்னணியில் இவ்வறிக்கையும் உண்டு. சிக்கல் அறிவுக்குறைவில் இல்லை. படைக்கலமும் படையமைப்பும் போர்முறையும் உற்பத்தியின் வளர்ச்சிநிலையையும் போக்குவரத்தையும் சார்ந்தே அமைகின்றன என்பதை ஏங்கெல்ஸ் 1878 இல் வெளிவந்த டூரிங்குக்கு மறுப்பு என்னும் நூலில் விளக்கினார். தற்காலப் போர்க்கப்பலை அவர் பேரளவுக் கைத்தொழிலின் விளைபொருளாகவும் மாதிரியாகவும் கண்டார். அவ்வகையில் நோக்கின், 1930களின் பிரித்தானியா தனது தொழிற்றளம் கட்டித்தரக்கூடிய கப்பல்களைவிடப் பரந்த பேரரசை வைத்திருந்தது. ஒரு கப்பலை இரண்டு கடல்களில் நிறுத்தும் ஆற்றல் காகிதத்துக்கு மட்டுமே உண்டு. அடித்தளத்தின் வறுமையை மறைக்கும் மேற்கட்டுமானமாகத் திட்டம் செயற்பட்டது.

இக்காகிதத்திலே திருகோணமலை எவ்வாறு வருகின்றது? முதன்மைப் பாத்திரமாக அன்று. சிங்கப்பூருக்குப் போகும் வழியில் எண்ணெய் ஏற்றும் இடமாக, ஒரு நிறுத்தமாக அது வருகின்றது. நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய கப்பற்படையைக் கிழக்கே நகர்த்துவதற்கு வழிநெடுக எண்ணெய்ச் சேமிப்பு வேண்டியிருந்தது. 1920களிலும் 30களிலும் சீனன்குடாக் காட்டில் குதங்கள் எழுந்தமைக்கு இதுவே காரணம். அவற்றுள் 99 குதங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. காடு வெட்டியவரும் இரும்புத்தகடு சுமந்தவரும் குழாய் பதித்தவரும் திட்டத்தின் மொழியில் "உள்ளூர்த் தொழிற்படை" என்னும் ஒற்றைத் தொடருக்குள் அடங்குவர். சிங்கப்பூர் என்னும் கதையின் அடிக்குறிப்பு திருகோணமலை என்றால், அவர்கள் அவ்வடிக்குறிப்புக்கும் அடிக்குறிப்பு ஆவர்.

1941 டிசெம்பர் 10 இல் பிரின்ஸ் ஒவ் வேல்ஸ், றிபல்ஸ் என்னும் இரு பெருங்கப்பல்களும் மலாயாக் கரைக்கப்பால் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடிக்குறிப்பு ஒரே இரவில் முதற்பக்கத்துக்கு வந்தது. மார்ச் இறுதியில் சமர்வில் தலைமையேற்ற கிழக்குக் கப்பற்படையில் ஐந்து பெரும் போர்க்கப்பல்கள் இருந்தன. அவை யாவும் முதலாம் உலகப்போர்க் காலத்து முதியவை. மாலைதீவின் தென்கோடியில் அட்டு பவளத்தீவில் அமைக்கப்பட்டிருந்த இரகசியத் தளத்துக்கும் இலங்கைக்குமிடையே அப்படை அலைந்தது. ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, நகுமோவின் விமானந் தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே டோர்செற்ஷயர், கோர்ன்வால் என்னும் இரு போர்க்கப்பல்கள் கடலில் அழிந்தன. ஏப்பிரல் 9 இல் திருகோணமலையின் முறை வந்தது. டொக்யார்ட்டும் சீனன்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. எண்ணெய்க் குதமொன்று எரிந்தது. முதல்நாளிரவு துறையைவிட்டு அனுப்பப்பட்டிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பல், தன்னிடம் போர்விமானம் ஒன்றேனும் இல்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் 300க்கு மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. உடன்சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் தப்பவில்லை. எஞ்சிய கப்பற்படை கென்யாவின் மொம்பாசாவுக்கும் பம்பாய்க்கும் பின்வாங்கியது. எக்காற்றுக்கும் அடைக்கலம் தந்த துறை, விமானக்குண்டுக்கு அடைக்கலம் தரவில்லை. 1782 இன் தருக்கம் 1942 இல் காலாவதியாயிற்று. ஆனால் அத்தருக்கத்தின் புகழுரை மட்டும் இன்றும் வழக்கில் உண்டு.

இந்நிகழ்வுபற்றிய எழுத்துக்களுள் மூன்றினை இங்கு எடுத்துக்கொள்வோம். சேர்ச்சில் தமது போர் வரலாற்றின் நான்காம் தொகுதியில் இலங்கைக்கும் வங்காள விரிகுடாவுக்குமாக ஓர் அத்தியாயம் ஒதுக்கியுள்ளார். எழுதுநரும் அவரே, தலைமைப் பாத்திரமும் அவரே. 1920களில் நிதியமைச்சராயிருந்தபோது யப்பானோடு போர் மூளும் வாய்ப்பே இல்லையென வாதிட்டுக் கடற்படைச் செலவை வெட்டியவரும் அவரே என்பதை வாசகன் வேறிடத்தில் அறிந்துகொள்ளல் வேண்டும். அவருடைய வாக்கியங்கள் கம்பீரமானவை என்பதை நாம் மறுப்பதற்கில்லை. அக்கம்பீரம் எங்கிருந்து வருகின்றது என்று பார்த்தால், நிலப்படத்தை மிக உயரத்திலிருந்து நோக்குவதிலிருந்தே வருகின்றது. அவ்வுயரத்திலிருந்து பார்க்கையில் கப்பல் தெரியும், தோணி தெரியாது. கடற்படைத் தளபதியாகவிருந்த றஸல் கிரென்பெல், 1951 இல் வெளியிட்ட நூலில், சிங்கப்பூர்த் திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அவருடைய சாடல் திட்டம் நன்றாக வகுக்கப்படவில்லை என்பதே. திட்டத்துக்குக் காரணமான பேரரசு அவரிடம் வினாவாக எழவில்லை. பூர்ஷ்வாத் திறனாய்வின் எல்லைக்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை: பாத்திர வார்ப்பில் குறை காண்பர், கதைக்கருவைத் தொடமாட்டார்.

மூன்றாவது, அக்காலத்தில் இலங்கையில் பிரித்தானிய வான்படையில் பணியாற்றிய மைக்கல் தொம்லின்சன் 1976 இல் வெளியிட்ட நூல். இலங்கைமீதான தாக்குதலே போரின் மிக ஆபத்தான வேளை என்று சேர்ச்சில் கூறியதாகச் சொல்லப்படும் கருத்திலிருந்தே அந்நூலின் தலைப்பு பிறந்தது. இம்மூன்றனுள் இதுவே நிலத்துக்கு மிக நெருக்கமானது. விமானிகளின் அச்சமும் அன்றாடமும் அதில் உண்டு. ஆயினும் ஆபத்து யாருக்கு என்னும் வினாவில் அதுவும் தடுமாறுகின்றது. குண்டுவீச்சின் பின் நகரமக்களும் தொழிலாளரும் பெருந்தொகையாக வெளியேறியமையை இத்தகைய போர் எழுத்துக்கள் பொதுவாக "ஓட்டம்" என்றே வருணிக்கும். மொம்பாசாவுக்குச் சென்ற கப்பற்படை "பின்வாங்கியது". காட்டுக்குள் சென்ற தொழிலாளி "ஓடினான்". ஒரே செயலுக்கு இருவேறு வினைச்சொற்கள் வழங்கப்படுவதில் வர்க்கநோக்குச் செறிந்து கிடக்கின்றது. தன்னைக் கேளாது தன் ஊரிலே நடத்தப்பட்ட போரிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை அத்தொழிலாளிக்கு இருந்தது என்று எழுத அவ்வுரைநடையில் இலக்கணமே இல்லை.

இவ்விடத்தில் எமது அணியினரின் நிலையையும் மறைக்காது கூறல் கடன். இலங்கை இடதுசாரிகளுக்கும் அப்போர் இருமுனைப் போராகவே அமைந்தது: ஒருபுறம் ஏகாதிபத்தியம், மறுபுறம் பாசிசம். 1939 இல் சோவியத் யூனியன் ஹிட்லரோடு செய்துகொண்ட உடன்படிக்கை, இரு பகையுள் ஒன்றைத் துணையாக்கும் விதியின் கசப்பான பிரயோகம். 1940 யூனில் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். 1942 ஏப்பிரலில், யப்பானிய விமானங்கள் வந்துபோன அதே நாட்களில், கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். சோவியத் மண் தாக்கப்பட்ட 1941 யூனின் பின் பொதுவுடைமையாளர் அதே போரை மக்கள் யுத்தம் என்றனர். 1943 இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி தோன்றியது. ஒருசாரார் முதன்மைப் பகை எது என்பதிலும் மறுசாரார் நிரந்தரப் பகை எது என்பதிலும் நின்று வாதிட்டனர். இரு சாராரும் சரியான வினாக்களையே எழுப்பினர் என்பது எம் கருத்து. இரு சாராரும் விடையை வெளிநாட்டுத் தலைமையகத்தின் நிலப்படத்தில் தேடினர் என்பதும் எம் கருத்து. மாறாக, கொக்கோஸ் தீவுகளில் 1942 மே மாதம் இலங்கைப் பீரங்கிப்படையினர் சிலர் கிளர்ந்தெழுந்து, அவர்களுள் மூவர் ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டமை எந்தத் தலைமையகமும் திட்டமிடாத நிகழ்வாகும். தமிழில் அதுபற்றிய ஒரு நாடகத்தையேனும் நாம் எதிர்பார்க்க உரிமையுண்டு.

போரின் இறுதி ஆண்டுகளைச் சுருக்கிச் செல்லலாம். 1944 இல் மவுண்ட்பேற்றன் தமது தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவில் அமைத்தார். பின்னாளில் பல்கலைக்கழகம் அமைந்தது அதன் அயலிலேயே. அதே ஆண்டு ஏப்பிரலில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பல்கள், அமெரிக்க விமானந் தாங்கிக் கப்பலொன்றும் உடன்வர, சுமாத்திராவின் சபாங் துறையைத் தாக்கின. ஜேர்மனி தளர்ந்தமையால் ஒரு முனை சுருங்க, மறுமுனைக்குக் கப்பல்கள் வந்தன. அவ்வளவே.

1947 நவெம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கை, சுதந்திரத்தின் பின்னும் திருகோணமலையைப் பிரித்தானியக் கடற்படையிடமே விட்டது. பண்டாரநாயக்க அரசு 1957 ஒக்ரோபர் 15 இல் தளத்தைப் பொறுப்பேற்றது. அந்நாள் ஏகாதிபத்திய எதிர்ப்பின் வெற்றி என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் தளம் கைமாறியதேயன்றித் தளம் என்னும் பார்வை மாறவில்லை. இந்தியாவின் கடல்சார் பாதுகாப்பை முன்னிறுத்தி கே. எம். பணிக்கர் 1945 இல் எழுதிய நூல், பிரித்தானியர் வரைந்த தளங்களின் வளையத்தைப் புதிய தலைநகரொன்றிலிருந்து வரைந்து காட்டிற்று. அடுத்துவந்த காலத்தில் இந்தியப் படைத்துறைச் சிந்தனை சீனா, பாகிஸ்தான் என்னும் இரு முனைகளைச் சுற்றியே வளர்ந்தது. 1971 இல் வங்காளப் போர் குளிர்காலம்வரை தள்ளிவைக்கப்பட்டதற்கு, இமயக் கணவாய்களைப் பனி மூடிவிட்டால் சீனாவின் தலையீடு கடினமாகும் என்னும் கணிப்பும் ஒரு காரணம். 2020 இல் கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலின் பின் "இருமுனைப் போர்" என்னும் தொடர் இந்திய நாளேடுகளில் அன்றாடச் சொல்லாயிற்று. கிழக்கேயும் மேற்கேயும் முனைகள் எண்ணப்படும்போது தெற்கே ஒரு துறைமுகம் அடிக்குறிப்பாக மீண்டும் எழுதப்படுகின்றது. 1987 யூலை 29 ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், இந்திய நலனுக்கு ஊறாக எந்நாடும் திருகோணமலையைப் படைத்துறைக்குப் பயன்படுத்த இடமளிக்கப்படாது என்றும், எண்ணெய்க் குதங்கள் கூட்டுமுயற்சியாகச் சீரமைக்கப்படும் என்றும் கூறின. 2003 இல் குதங்கள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 2022 ஜனவரியில் 14 குதங்கள் அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பங்கிடப்பட்டன. சிங்கப்பூருக்குப் போகவேண்டிய கப்பற்படைக்காகக் கட்டப்பட்டவை, அக்கப்பற்படையும் பேரரசும் மறைந்தபின்னும் தமக்கு ஒரு முனையைத் தேடிக்கொண்டேயிருக்கின்றன.

உள்நாட்டுப் போரும் இதே இலக்கணத்தில் எழுதப்பட்டது. 1987 ஒக்ரோபரில் இந்தியப் படையோடு போர் மூண்டபின், 1989 இல் விடுதலைப் புலிகளும் பிரேமதாச அரசும் இந்தியப் படையை வெளியேற்றும் நோக்கில் நெருங்கினர். புலிகளுக்கு அரசின் ஆயுதமும் சென்றது. இந்தியப் படையின் இறுதிப் பிரிவு 1990 மார்ச் 24 இல் திருகோணமலையிலிருந்தே கப்பலேறியது; சில மாதங்களில் நெருங்கியவர்கள் மீண்டும் போரிட்டனர். 2004 இல் புலிகளின் கிழக்குத் தலைமை பிரிந்தது. பிரிந்தோர் அரசின் பக்கம் சேர்ந்தனர். வடக்கும் கிழக்குமாக இருந்த இரு முனைகள் ஒன்றாகக் குறைந்தமை 2007 இல் கிழக்கில் நிகழ்ந்ததற்கும் 2009 இல் முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்ததற்கும் வழிவகுத்தது. மூன்று இடங்களிலும் 875 ஆம் குறள் வெவ்வேறு கைகளில் பயன்பட்டிருக்கின்றது. விதி எவருக்கும் உழைக்கும். அதுவே அதன் குறை. யாருடைய ஊரில், யாருடைய பிள்ளைகளைக்கொண்டு துணையும் பகையும் மாற்றிக்கொள்ளப்படுகின்றன என்பதை அது கேட்பதில்லை.

சம்பூர் இதற்கு நேரிய சான்று. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள அவ்வூரிலிருந்து டொக்யார்ட் பீரங்கி எல்லைக்குள் வரும். 2006 இல் அங்கிருந்து தளத்தின்மீது எறிகணைகள் ஏவப்பட்டன. செப்ரெம்பரில் படையினர் சம்பூரைக் கைப்பற்றினர். 2007 மே மாதம் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இடம்பெயர்ந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் இருந்தனர். 2015 இலேயே காணிகள் விடுவிக்கப்படலாயின. பீரங்கியின் வீச்செல்லையைக் கவராயம் கொண்டு நிலப்படத்தில் வரைந்தால் வட்டம் கிடைக்கும். அவ்வட்டத்துக்குள் கிணறும் வயலும் பத்திரகாளி கோயிலும் இருந்தன என்பது நிலப்படத்தின் குற்றமன்று. நிலப்படத்தை மட்டுமே வாசிக்கப் பழகிய எழுத்தின் குற்றம்.

எமது எழுத்துக்கு வருவோம். 1954 இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியபின் யாழ்ப்பாணத்துச் சாதிக்கொடுமையும் மலையகத் தோட்டமும் கொழும்பின் தொழிற்களமும் புனைகதையில் அழுத்தமாகப் பதிவாயின. துறைமுகத் தொழிலாளிக்கும் தளத்தின் வாயிலில் அனுமதிச்சீட்டோடு நின்ற கூலியாளுக்கும் அவ்விடம் கிடைக்கவில்லை என்பதே எமது மதிப்பீடு. திருகோணமலையைப் பாடவந்த கவிஞர் பலர் கோணேசரையும் இராவணன் வெட்டையும் பாடி, இயற்கைத் துறைமுகத்தின் பெருமையோடு முடித்துக்கொள்கின்றனர். அப்பெருமையிலே சுப்ரேனும் நெல்சனும் சேர்ச்சிலும் பணிக்கரும் ஒருங்கே உடன்படுவர். மாற்றான முன்னுதாரணம் இல்லாமலில்லை. குடாவின் மறுகரையில் மூதூரில் வாழ்ந்த வ. அ. இராசரத்தினம் தமது தோணி என்னும் கதையில் கடலை உழைப்பின் களமாகக் கண்டார். அங்கு கடலின் ஆழம் முக்கியமன்று. தோணி யாருடையது என்பதே முக்கியம். அழகியல்வாதிகள் அக்கதையின் மண்வாசனையை மெச்சி நின்றுவிடுவது வழக்கம். உடைமையின் வினாவைக் கடல்மேல் வைத்துக் கேட்டது அதன் சாதனை என நாம் கருதுகின்றோம். அவ்வினாவை ஓர்ஸ் ஹில்லிலிருந்து கேட்க முடியாது. மூதூரிலிருந்து விடியற்காலையில் புறப்படும் படகில் இருந்து பார்த்தால், குன்றும் கோட்டையும் டொக்யார்ட்டும் எதிரே ஒரே வரிசையில் தெரியும். எந்த எல்லைக்கு அப்பால் வலைவிரிக்கக் கூடாது என்பது படகில் இருப்பவருக்குத் தெரியும்.